42 நிமிடத் தூரம், 75 நிமிடப் பயணம்

சென்னை விமான நிலையத்தின் அட்சரேகை 12 பாகை 59 கலை. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தினுடையது 9 பாகை 47 கலை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் மிச்சம் 3 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அது 192 கலை. இரண்டுக்கும் இடையிலான வான்வழித் தூரம் 192 கடல் மைல். கணக்கு முடிந்தது. வரைபடம் வேண்டாம், அளவுகோல் வேண்டாம், கோளத்தின் மேல் கோடு போடும் சூத்திரங்கள் வேண்டாம். வெறும் கழித்தல்.

இந்த வித்தை எந்த இரண்டு ஊருக்கும் பலிக்காது. ஊர்கள் ஒன்றுக்கொன்று நேர் வடக்கு தெற்காக அமைந்திருக்க வேண்டும். சென்னை நிலையத்தின் தீர்க்கரேகை 80 பாகை 10 கலை. பலாலியினுடையது 80 பாகை 4 கலை. கிழக்கு மேற்காக வித்தியாசம் சுமார் 11 கிலோமீட்டர்தான். ராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் யாழ்ப்பாணம் இருப்பதாகத்தான் நம்மில் பலர் மனத்தில் படம் வைத்திருக்கிறோம். உண்மையில் அது சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது. சென்னை நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்திலிருந்து ஒரு கோட்டைத் தெற்கே இழுத்தால் அது கல்பாக்கத்தை ஒட்டிக் கரையைத் தாண்டும். அதற்குப் பிறகு சுமார் 300 கிலோமீட்டர் கடல். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கி நிற்க, அடுத்து வரும் தரை யாழ்ப்பாணக் குடாநாடு.

கழித்த விடை அப்படியே மைலாக மாறியது எப்படி? கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். பூமியின் மேல் அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் கடக்கும் தூரம் ஒரு கடல் மைல். மாலுமிகள் நட்சத்திரத்தின் உயரத்தைப் பாகையில் அளந்தார்கள். அளந்த கோணமே தூரமாகிவிட்டால் பெருக்கல் மிச்சம். விமானிகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கடல் மைல் என்றால் அது ஒரு நாட். உலகெங்கும் விமானங்களின் வேகம் இன்றும் பெரும்பாலும் நாட் கணக்கில்தான் சொல்லப்படுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 1929இல் மொனாக்கோவில் கூடிய நீர்ப்பரப்பியல் மாநாடு ஒரு கடல் மைல் என்பது சரியாக 1,852 மீட்டர் என்று முடிவு செய்தது. பூமியோ சரியான உருண்டை இல்லை. துருவங்களில் தட்டையாகி, நடுவில் பருத்திருக்கிறது. அதனால் கலையின் நீளம் இடத்துக்கு இடம் மாறுகிறது. துருவத்தின் அருகே ஒரு கலை சுமார் 1,862 மீட்டர். நம் அட்சரேகையில் சுமார் 1,844 மீட்டர். கலைக்கு எட்டு மீட்டர் வீதம் 192 கலைக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோமீட்டர் குறைகிறது. ஆகவே சென்னை–பலாலி சரியான தூரம் சுமார் 191 கடல் மைல், அதாவது 354 கிலோமீட்டர். பூமியின் இடுப்பு பருத்திருப்பதை ஒரு விமானப் பாதையின் நீளத்திலேயே பார்த்துவிடலாம்.

பூமியின் இந்த வடிவத்தை இந்தியாவில் அளக்கத் தொடங்கிய இடம் சென்னை ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலி ஒன்றைத் தரையில் விரித்தார். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்றின் திசையில் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதற்கு 57 நாள் ஆனது. அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம், அதன் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டே போய், இந்தப் பகுதியில் ஒரு பாகை எத்தனை நீளம் என்பதைக் கண்டார். பின்னால் இமயம் வரை போன மாபெரும் நில அளவையின் முதல் கோடு அதுதான். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுபவர் சன்னல் வழியே பரங்கிமலையைப் பார்க்கலாம்.

நேர்கோட்டைப் பலாலியோடு நிறுத்தாமல் தெற்கே இன்னும் நீட்டிப் பாருங்கள். அது கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தின் பக்கமாகப் போகிறது. சென்னையிலிருந்து கொழும்புக்கு நேர்கோடு போட்டால், அது பலாலிக்கு மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் யாழ்ப்பாணத்தைக் கடக்கும். இலங்கையின் முதல் விமான நிறுவனமான ஏர் சிலோன், 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் பயணத்தை இந்தத் தடத்தில்தான் நடத்தியது: கொழும்பின் ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கி, சென்னைக்கு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த பலாலி ஓடுபாதை அப்போது இரு கரைகளையும் சேர்த்தது. பிறகு இலங்கையின் உள்நாட்டுப் போர் வந்தது. சென்னைக்கு வரவேண்டிய யாழ்ப்பாணத்துக்காரர் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலையில் கொழும்புக்குப் போய், அங்கே விமானம் ஏறி, வடக்கே திரும்பி, தன் சொந்த ஊரைத் தாண்டித்தான் சென்னையில் இறங்க முடிந்தது. பல பத்தாண்டுகள் இப்படித்தான் இருந்தது. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம் போகத் தொடங்கியது. கொரோனா அதையும் நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தது. தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. பயணம்தான் ஒரு முழு நாளிலிருந்து ஒன்றேகால் மணி நேரமாகச் சுருங்கியது.

அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் இனி நம் புதிர். ஏடிஆர் 72 விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது அதன் வேகம் சுமார் 275 நாட், மணிக்கு 510 கிலோமீட்டர். 192 கடல் மைலை 275ஆல் வகுத்தால் 42 நிமிடம். அட்டவணையோ ஏறத்தாழ 75 நிமிடம் என்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இப்போது ஒரே கடிகாரம் என்பதால் நேர வித்தியாசத்தின் மேல் பழி போடவும் முடியாது. (1996 முதல் 2006 வரை இலங்கைக் கடிகாரம் நம்முடையதைவிட முன்னால் ஓடியது.) மிச்சமுள்ள 33 நிமிடம் எங்கே போகிறது? வீணாகப் போகிறது என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த நிமிடங்களில்தான் விமானப் போக்குவரத்தின் புத்திசாலித்தனம் எல்லாம் ஒளிந்திருக்கிறது.

முதலில், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? சக்கரம் தரையை விட்டு எழும்போது அல்ல. நிறுத்திய இடத்தில் சக்கரங்களுக்கு வைத்திருந்த கட்டைகளை எடுத்து, விமானம் முதல் அசைவு அசையும்போது. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போது அது நிற்கிறது. இந்த இடைவெளியைக் கட்டை நேரம் என்று சொல்லலாம். பயணச்சீட்டில் அச்சாவது அதுதான். பெரும்பாலான விமானங்களில் நான்கு தருணங்கள் தாமாகவே பதிவாகின்றன: நிறுத்தத்தை விட்டு நகர்ந்தது, தரையை விட்டு எழுந்தது, தரையைத் தொட்டது, நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தது. எழுந்ததையும் தொட்டதையும் எப்படி அறிவது? சக்கரத் தண்டின் மேல் விமானத்தின் எடை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் ஓர் உணரி போதும். எடை விலகினால் பறக்கிறது. எடை திரும்பினால் இறங்கிவிட்டது. விமானத்திலிருந்து தரைக்கு இந்த நேரங்களைத் தானாக அனுப்பும் முறை 1978இல் அமெரிக்காவில் வந்தது. விமானிகளின் சம்பளம் இந்த நேரத்தை வைத்துக் கணக்கிடப்பட்டதால், கையால் எழுதும் குறிப்பேட்டைவிட நம்பகமான ஒன்று தேவைப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கட்டை எடுப்பதற்கு முன்பே ஏடிஆரில் ஒரு வேடிக்கை நடக்கிறது. பெரிய ஜெட் விமானங்களின் வாலில் ஒரு குட்டி இயந்திரம் இருக்கும். தரையில் நிற்கும்போது விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் அதுதான் மின்சாரம் தரும். ஏடிஆரில் அந்தக் குட்டி இயந்திரம் இல்லை. எடையை மிச்சப்படுத்த அதை அமைத்தவர்கள் வேறு வழி கண்டார்கள். வலப்பக்க இயந்திரத்தையே ஓடவிடுகிறார்கள். ஆனால் அதன் சுழல்விசிறியை ஒரு பிரேக்கால் பிடித்து நிறுத்திவிடுகிறார்கள். இயந்திரத்தின் உள்ளே எரிந்த வாயு ஒரு விசையாழியைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. விசிறியைச் சுற்றும் விசையாழி தனித் தண்டில் இருப்பதால் அது அசையாமல் நிற்க முடிகிறது. பயணிகள் இடப்பக்கம், அதுவும் பின்கதவு வழியாக ஏறுகிறார்கள்; வலப்பக்கம் ஓர் இயந்திரம் முழங்கிக்கொண்டிருக்க, அதன் ஆறு இறக்கைகளும் சிலைபோல நிற்கின்றன. முதல் தடவை பார்ப்பவர் விசிறி கெட்டுவிட்டதோ என்று பயப்படுவது இயல்புதான்.

அடுத்தது ஓடுபாதைக்குப் போகும் ஊர்வலம். சென்னையின் முதன்மை ஓடுபாதையின் நீளம் சுமார் 3,660 மீட்டர். முழுச் சுமையோடு எழும்ப ஏடிஆருக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் போதும். அதற்காக வரிசையில் முன்னால் நிற்கும் பெரிய விமானத்தை முந்த முடியாது. முன்னால் எழும்பிய பெரிய விமானத்தின் இறக்கை முனைகள் காற்றில் இரண்டு சுழல்களை விட்டுச் செல்லும்; அவை அடங்க ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கட்டை எடுத்ததிலிருந்து எழும்பும் வரை பத்து, பதினைந்து நிமிடம் போவது பரபரப்பான நிலையங்களில் சாதாரணம்.

எழும்பியதும் நேராகத் தெற்கே திரும்பலாமா? காற்று சம்மதிக்க வேண்டும். விமானம் எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். சென்னை ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 70 பாகை, 250 பாகை என்பதன் சுருக்கம் அது. மேல்காற்று அடித்தால் விமானம் மேற்கு தென்மேற்காக, தாம்பரம் பக்கத்து வானத்தை நோக்கி எழும்பி, பிறகு இடப்பக்கம் திரும்பும். கீழ்காற்று என்றால் கடலை நோக்கிப் போய் வலப்பக்கம் திரும்பும். பலாலியின் ஓடுபாதை 05, 23. அங்கும் நேர் வடக்கிலிருந்து வருகிறவர் வளைந்துதான் பாதையோடு நேராக முடியும். இரு முனையிலும் இப்படி வளைவதில் சில மைல்கள் கூடுகின்றன. புறப்படும்போதும் வரும்போதும் எந்தப் புள்ளியைத் தொட வேண்டும் என்பது முன்பே வரையப்பட்டிருக்கும். கடலுக்கு மேலே எந்த அடையாளமும் இல்லாத அந்தப் புள்ளிகளுக்கு, வாயால் உச்சரிக்கக் கூடிய ஐந்தெழுத்துப் பெயர்கள் உண்டு. வழியில் ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லையும் வரும். அதுவரை சென்னைக் கட்டுப்பாட்டின் குரல். அதன்பின் கொழும்பின் குரல்.

ஏற்றத்தில் ஏடிஆர் வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்குகிறது. வேகமானியில் 170 நாட் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம்போல ஏறினால் 16,000, 17,000 அடியை எட்டும். அதற்குள் ஐம்பது மைலுக்குச் சற்றுக் குறைவாகக் கடந்திருக்கும். அதே தூரத்தை மேலே பத்தரை நிமிடத்தில் கடந்திருக்கலாம். நம் 33இல் நாலரை நிமிடம் இங்கே.

வேகமானி என்றேன். அது காட்டும் வேகமும் விமானத்தின் உண்மை வேகமும் வேறு வேறு. மூக்கருகே முன்னோக்கித் திறந்த ஒரு சிறு குழாய் இருக்கிறது. 1732இல் ஆன்றி பித்தோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாரிஸின் சேன் ஆற்று நீரோட்டத்தை அளக்க உருவாக்கிய குழாய் அது. எதிர்க்காற்று அதில் மோதும் அழுத்தத்தைத்தான் வேகமானி வேகமாகக் காட்டுகிறது. 17,000 அடியில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 59 சதவீதம்தான். மெலிந்த காற்று மெல்லத்தான் மோதும். அங்கே முள் 210 நாட் காட்டும்போது விமானம் உண்மையில் 275 நாட்டில் போகிறது. இது பிழையல்ல, வரம். இறக்கையைத் தூக்குவதும் அதே மோதல்தான். எனவே பாதுகாப்பாகப் பறக்க விமானிக்குத் தேவையான எண் அந்த 210தான். மேலே ஏறினால் இறக்கைக்கும் உடலுக்கும் அதே உரசல், ஆனால் கூடுதல் வேகம் கிடைக்கிறது. எல்லா விமானங்களும் உயரத்தைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

275 நாட் என்பதும் காற்றுக்குள் போகும் வேகம்தான். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து 30 நாட் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெற்கே போகும் விமானத்தை அது கிழக்கே தள்ளும். வெள்ளம் ஓடும் ஆற்றில் எதிர்த்துறைக்குப் போகிற ஓடக்காரர் மூக்கைச் சற்று மேலோட்டத்துக்குத் திருப்பிப் பிடிப்பாரே, அதையேதான் விமானமும் செய்கிறது. மூக்கு தெற்கிலிருந்து சுமார் 6 பாகை மேற்கே பார்த்திருக்கும். பயணமோ நேர் தெற்கே. இதனால் இழக்கும் வேகம் எவ்வளவு தெரியுமா? இரண்டு நாட்டுக்கும் குறைவு. 42 நிமிடத்தில் கால் நிமிடம். பக்கக்காற்று விமானத்தைத் திருப்புகிறதே தவிர, நேரத்தை அதிகம் தின்பதில்லை.

வடக்கு தெற்காக அடிக்கும் காற்றின் கணக்கே வேறு. 40 நாட் எதிர்காற்றில் 192 மைலைக் கடக்க 49 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ள, 37 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. போகவர மொத்தம் 85.6 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 83.8. போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று தோன்றும். முழுதாக மீட்க முடியாது. காரணம் எளியது: எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதன் பிடியில் கூடுதல் நேரம் இருக்கிறோம், உதவும் காற்றில் வேகமாகப் போவதால் அதை விரைவில் முடித்துவிடுகிறோம். எந்த ஊருக்குப் போய்த் திரும்பினாலும், எவ்வளவு நல்ல காற்றானாலும், இந்தக் கணக்கு மாறாது.

சென்னை வானத்தில் இதைவிடப் பெரிய காற்று ஒன்று இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரையில் மேல்காற்று வீசிக்கொண்டிருக்க, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து ஒரு காற்றாறு ஓடுகிறது. வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அது ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையை ஒட்டியே பாய்கிறது. வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று என்று பெயர். இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958இல் அதைப் பற்றி எழுதினார். ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் போகும் ஏடிஆருக்கு அந்த ஆறு இருப்பதே தெரியாது.

உயரத்தையும் விமானி தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. எதிரெதிரே வருபவர்கள் ஒரே உயரத்தில் சந்திக்கக் கூடாது. அதற்கு உலகம் ஓர் எளிய விதி வைத்திருக்கிறது. திசைகாட்டியின் கிழக்குப் பாதியை நோக்கிப் போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள்: 15,000, 17,000, 19,000 அடி. மேற்குப் பாதியை நோக்கிப் போகிறவர்களுக்கு இரட்டைப்படை: 16,000, 18,000. கிழக்குப் பாதி 179 பாகையோடு முடிகிறது. 180இல் மேற்குப் பாதி தொடங்குகிறது. சென்னையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டின் திசை சுமார் 182 பாகை. விளிம்பில் நிற்கும் பாதை! பலாலி இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளி இருந்திருந்தால் போகும் உயரமும் வரும் உயரமும் இடம் மாறியிருக்கும். நேர்கோட்டில் பறந்தால், போகும்போது இரட்டை, வரும்போது ஒற்றை. இருவருக்கும் நடுவே ஆயிரம் அடி. ஏறத்தாழ முந்நூறு மீட்டர் இடைவெளியில் ஒருவரை ஒருவர் கடக்கிறார்கள்.

இறக்கத்துக்கும் ஓர் அழகான வாய்பாடு உண்டு. உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கு. அத்தனை மைல் முன்பே இறங்கத் தொடங்கு. 16,000 அடி என்றால் 48 மைல். கிட்டத்தட்ட 3 பாகைச் சரிவு; ஓடுபாதையில் இறங்கும் கடைசிச் சரிவும் அதேதான். பலாலிக்கு இன்னும் 90 கிலோமீட்டர் இருக்கும்போதே, வெறும் கடலுக்கு மேல், மூக்கு தாழத் தொடங்குகிறது. ஏற்றத்துக்கு ஏறத்தாழ 48, இறக்கத்துக்கு 48: இந்தப் பாதையில் பாதி தூரம் விமானம் சமமட்டமாகவே பறப்பதில்லை. கடைசிப் பத்து மைலில் வேகம் 120 நாட் அளவுக்குக் குறைகிறது. இங்கே இன்னும் மூன்று நிமிடம் கரைகிறது.

ஜெட் விமானமாக இருந்தால் எவ்வளவு மிஞ்சும்? 450 நாட்டில் இந்தத் தூரம் 26 நிமிடம். காகிதத்தில் 16 நிமிட லாபம். ஆனால் ஜெட்டின் 450 நாட் உச்சியில்தான் கிடைக்கும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலான விதி. உச்சியை எட்டியதுமே இறங்கும் நேரம் வந்துவிடும். தரையில் ஊர்ந்த நிமிடங்களையும் ஜெட்டால் குறைக்க முடியாது. மிஞ்சுவது பத்து நிமிடம்போல. அதற்கு விலையாக எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பலாலியில் நீண்ட ஓடுபாதையும் தேவைப்படும். ஏடிஆரின் விசிறி ஏறத்தாழ 4 மீட்டர் விட்டம். நிறையக் காற்றை மெல்லப் பின்னே தள்ளுவது அதன் வழி. கொஞ்சக் காற்றை அதிவேகமாகப் பீய்ச்சுவதைவிட அது சிக்கனம். குறுந்தூரத்தில் விசிறி விமானம் பழமையின் மிச்சம் என்று எண்ணுவது தவறு. அதுதான் சரியான கருவி.

சென்னைக்குத் திரும்பும் பயணத்தில் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இறங்க வரிசை நீண்டால் விமானத்தை ஓரமாக நிறுத்திவைக்க வழியில்லை. வானத்தில் ஒரு நீள்வட்டம் சுற்றச் சொல்வார்கள். நொடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால் அரைச்சுற்றுக்கு ஒரு நிமிடம். நேர்க்கோட்டில் ஒரு நிமிடம். மறுபடி அரைச்சுற்று, மறுபடி நேர்க்கோடு. ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் புறப்பட்ட புள்ளிக்கே வந்துவிடும். சிறிய விமானமும் பெரிய விமானமும் வெவ்வேறு அளவில் வட்டம் போட்டாலும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. கட்டுப்பாட்டாளர் இப்படிக் காலத்தையே நான்கு நான்கு நிமிடமாக எண்ணிக் கொடுக்க முடிகிறது. இதற்கெல்லாம் எரிபொருள் வேண்டாமா? பயணத் திட்டத்தில் வழக்கமாக மூன்றாவதாக ஒரு விமான நிலையமும் எழுதப்பட்டிருக்கும்: சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று நிலையம். அதுவரை போகவும், அதன்பின் மேலும் அரைமணி நேரம் சுற்றவும் எரிபொருள் இருந்தால்தான் கட்டையை எடுக்கலாம். 75 நிமிடப் பயணத்துக்குத் தொட்டியில் இருப்பது அதைப்போல இரு மடங்கு நேரத்துக்கான எண்ணெயாகவும் இருக்கலாம்.

இத்தனையும் சேர்ந்த பிறகுதான் நிறுவனத்தின் அட்டவணைக்காரர் எண்ணை எழுத உட்காருகிறார். அவர் பார்ப்பது ஒரு பறப்பை அல்ல. அதே பாதையில் முன்பு நடந்த பல பறப்புகளை. நேரத்தைக் குறைத்து எழுதினால் பாதி நாட்கள் தாமதமாகும். கூட்டி எழுதினால் விமானமும் பணியாளர்களும் சும்மா நிற்பார்கள். பெரும்பாலான நாட்களில் சொன்ன நேரத்துக்குள் வந்துசேரும்படி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே 75 என்பது ஒரு விமானம் எடுக்கும் நேரமல்ல, ஒரு பந்தயம். சில நாள் 60இல் வந்துவிடும். பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்ற அறிவிப்பைக் கேட்டு மகிழ்கிறோமே, அந்தப் பத்து நிமிடம் முன்கூட்டியே நமக்காக எடுத்துவைக்கப்பட்டது.

இந்தக் கூடுதல் நிமிடங்கள் தூரத்தோடு சேர்ந்து சுருங்குவதில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானம் போகிறது. உலகிலேயே மிகக் குறுகிய அட்டவணைப் பறப்பு: 2.7 கிலோமீட்டர். நிமிடத்தில் நான்கு கிலோமீட்டர் போகக் கூடிய விமானத்துக்கு அட்டவணையில் இரண்டு நிமிடம். நல்ல காற்றில் 53 நொடியில் முடித்ததும் உண்டு. வரிசை கிடையாது, ஊர்வலம் கிடையாது, ஏற்றமும் பெயரளவில்தான். அப்படி இருந்தும் நேரக் கணக்கில் வகுத்தலின் விடையைவிடக் கூடுதலாகவே ஒதுக்கியிருக்கிறார்கள்.

நமக்கு அருகிலேயே இதற்கு ஒரு சாட்சி வந்திருக்கிறது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு ஏடிஆர் போகத் தொடங்கியது. தூரம் 184 கிலோமீட்டர், 99 கடல் மைல். சென்னைத் தூரத்தில் பாதியளவு. வகுத்தால் 22 நிமிடம். அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கிறது. சென்னைப் பயணத்தில் 75 நிமிடத்துக்கு 354 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 283. திருச்சிப் பயணத்தில் மணிக்கு 184. ஒரே விமானம், ஒரே இயந்திரம். தஞ்சைச் சமவெளிக்கு மேல் ஏறிக்கொண்டே போய், பாதி தூரத்தில் அதிராம்பட்டினத்துக் கரையருகே 15,000 அடியில் அது சமமட்டத்துக்கு வரும்போது, முன்னால் இருப்பது ஐம்பது மைல்தான். பதினைந்தை மூன்றால் பெருக்கினால் 45. ஓரிரு நிமிடத்தில் இறங்கத் தொடங்கியாக வேண்டும்.